நான்கு நூல் கட்டை

தென்காசி
13.7.81

அன்புள்ள அத்தானுக்கு,

இராமலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அந்தச் சுகம் இருபத்தைந்தாம் தேதிக்குப் பிறகும் நீடிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

சாரல் விடாமல் அடிக்கிறது. குற்றாலத்தில் எல்லா அருவியிலும் தண்ணீர், எல்லாக் கடையிலும் கூட்டம். வீட்டில் மரமெல்லாம் ஊதிவிட்டதால் புழக்கடைக் கதவைச் சாத்த இரண்டு பேர் வேண்டியிருக்கிறது.

நீங்கள் பம்பாய் போனபின் பட்டறை பூட்டிக் கிடக்கும் என்று நினைத்தீர்கள். அப்படிக் கிடந்திருக்கலாம். உங்கள் அண்ணாச்சி சாவியை வாங்கிக்கொண்டார். தாலுகா ஆபீசில் இருந்து ஊர் நிலத்தையே அளந்தவருக்கு ஒரு கிடார் எம்மாத்திரம் என்றார். நீங்கள் பாதியில் விட்டுப்போன கிடாரை என் தம்பி ரத்தினத்துக்காக அவரே முடித்திருக்கிறார். இருபத்தைந்தாம் தேதி, சனிக்கிழமை, குற்றாலத்தில் சீசன் கச்சேரி. ரத்தினம் அதைத்தான் வாசிக்கப் போகிறான்.

கிடாரின் அடிக்கட்டைக்கு ஏழு நூல் கனம், அதாவது ஓர் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு, என்று நீங்கள் சுவரில் எழுதிவிட்டுப் போயிருந்தீர்கள். அண்ணாச்சி அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கிடாருக்கு வாசல் உண்டு, சுவர் உண்டு, உள்ளே அறையும் உண்டு, ஆகவே அது வீடு, வீடு என்றால் மனையடி சாஸ்திரம் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஏழு என்றால் தரித்திரமாம். எட்டு யோகம், ஆனால் இருந்த கட்டையில் எட்டு வராது. அதனால் ஆறுக்கு இழைத்தார். ஈர மரம், ஒரு மூலை பிய்ந்துகொண்டது. அதைச் சரிசெய்ய ஐந்து. மறு மூலை கோபித்துக்கொண்டது. நான்கில் வந்து நின்றது. சாஸ்திரம் ஆறிலிருந்துதான் ஆரம்பிக்கிறது, அதற்குக் கீழே நல்லதும் சொல்லவில்லை கெட்டதும் சொல்லவில்லை, எனவே தோஷமில்லை என்று ஒட்டிவிட்டார்.

ஆறு கம்பியின் இழுப்பும் அவற்றின் அடிமுனையை மாட்டும் தகட்டில், தகட்டின் திருகாணிகள் எல்லாம் அந்தக் கட்டையில் என்று நீங்கள் எனக்குச் சொன்னதை அவரிடம் சொன்னேன். கட்டை பிளந்தால் தகடு கம்பியோடு எகிறி வாசிப்பவன் முகத்துக்குத்தான் வரும் என்றும் சொன்னேன். லைப்ரரிப் புத்தகம் படிக்கிற பெண்கள் இருக்கும் வீட்டில் இப்படித்தான் அபசகுனமாகப் பேச்சு வரும் என்றார்.

கம்பிகளைத் தளர்வாகத்தான் கட்டியிருக்கிறார். அதற்கே மத்தியானத்தில் கூடத்திலிருந்து பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம் வருகிறது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். திருகாணிக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு கோடு. அது மரத்தின் ரேகை என்கிறார் அண்ணாச்சி. நேற்றைவிட இன்று ரேகை வளர்ந்திருக்கிறது.

ரத்தினத்துக்கு இடது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது உங்களுக்குத் தெரியும். அவனிடம் மிச்சமிருப்பது ஒன்று.

அண்ணாச்சி என் பேச்சைக் கேட்க மாட்டார். உங்கள் பேச்சை ஒருவேளை கேட்பார். கட்டையை மாற்றாமல் கொடுக்கக் கூடாது என்று அவர் பெயருக்கு ஒரு தந்தி கொடுங்கள்.

உங்கள்
இராமலட்சுமி


தென்காசி
27.7.81

அன்புள்ள அத்தானுக்கு,

தந்தி வந்தது. அண்ணாச்சிக்கு வரவில்லை, எனக்கு வந்தது. அண்ணன் சொல்வதைக் கேள் என்று அர்த்தம் வரும் நான்கு ஆங்கிலச் சொற்கள். தபால்காரர் எனக்குப் புரியவில்லையோ என்று உரக்கவே படித்துச் சொன்னார். அண்ணாச்சி அன்று இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலை ரத்தினம் ஆய்க்குடியிலிருந்து வந்தான். நான் சொன்னதைக் கேட்டு, பெரியத்தான் ஆசையாகச் செய்து தந்ததைக் குறை சொல்லலாமா என்று என்னைத்தான் கடிந்துகொண்டான். கிடாரை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். குனிந்து முறுக்காணியில் கை வைத்தான். அவன் கன்னம் கம்பிக்கு மேலே இருந்தது.

எனக்குப் பேச வேறு பாஷை இல்லை, அண்ணாச்சியின் பாஷையிலேயே பேசினேன். இது வீடு என்றால் கட்டினவர் முதலில் புக வேண்டாமா, உங்கள் கையாலேயே கம்பியைக் கச்சேரிச் சுருதிக்கு ஏற்றி, ஒரு தட்டு தட்டிவிட்டு அவனிடம் கொடுங்கள் என்று கேட்டேன். ரத்தினத்துக்கு அது மரியாதையாகப் பட்டது. உடனே கிடாரை அவரிடம் நீட்டினான்.

அண்ணாச்சி வாங்கவில்லை. கையைத் துண்டில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு சொன்னார்: "ஆடி மாசம்லா. ஆடியில யாரும் புது வீடு புகுவாகளா?"

ரத்தினம் நீட்டிய கையை மடக்காமல் அவர் துண்டையும் முகத்தையும் பார்த்தான். அவனுக்குக் கண் ஒன்றுதான், ஆனால் அதில் நன்றாகத் தெரியும்.

"அப்ப நான் மட்டும் ஆடியில புகலாமா, பெரியத்தான்?"

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ரத்தினம் கிடாரைப் பெஞ்சில் வைத்துவிட்டு, காப்பி குடிக்காமல் போனான். கச்சேரிக்கு இலத்தூரில் யாரிடமோ இரவல் வாங்கி வாசித்தானாம். முழுக் கண்ணோடு வீடு திரும்பினான்.

இத்தோடு முடிந்தது என்று எழுதத்தான் ஆசை.

நேற்று கீழப்பாவூரிலிருந்து ஒரு வாத்தியார் வாடகைக் காரில் வந்தார். அவர் மகள் வேதா பாட்டுப் படிக்கிறாளாம், கையில் ஒரு கிடார் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். அண்ணாச்சி கூடத்துக்குப் போய் அதை எடுத்து வந்து காட்டினார். வாத்தியாருக்குப் பளபளப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் பெண்ணோடு மறுபடி வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. ஆவணியில் எந்தத் தடையும் இல்லையாம். நான் நடுவில் பேச வாயெடுத்தேன். அண்ணாச்சி வாத்தியாரிடம் உங்கள் தந்தியை எடுத்துக் காட்டினார்.

ஆனால் கம்பியை ஒரு தடவைகூட மீட்டிக் காட்டவில்லை. கட்டை தாங்காது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கொடுக்கப் போகிறார், சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கினால் தோற்றதாகிவிடும். இன்று காலை பட்டறையில் அடுத்த கிடாருக்கு இன்னொரு கட்டை இழைத்துக்கொண்டிருந்தார். அளந்து பார்த்தேன். அதுவும் நான்கு.

அந்தப் பெண் வேதாவும் நேற்று முன்சீட்டில் உட்கார்ந்து வந்திருந்தாள், காரைவிட்டு இறங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தாள். பெரிய கண்கள்.

உங்கள் அண்ணாச்சியை நீங்கள் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை, இப்போதும் பேச வேண்டாம். வந்து, பட்டறைச் சாவியை வாங்கி, அந்தக் கிடாரை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சும்மா நின்றால் போதும். ஆடி முடிவதற்குள் வாருங்கள், அத்தான்.

இராமலட்சுமி