உன் அளவு ஆறு

ஆகாது. இரண்டு ஜோடி காலுறை போட்டாலும் அந்தப் பெரிய பூட்ஸ் உனக்கு ஆகாது, நுனியில் துணி அடைத்தாலும் ஆகாது. நேற்று போனில் நீ கேட்டபோது கடையில் கூட்டம், அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன், மூன்று நாளில் கிடைத்துவிடும் என்கிறார்கள், நீ கிளம்ப இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. இங்கே நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம். நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை, முழங்கால் வீங்கியிருப்பதை நீயே சொல்லிவிட்டாய். வீக்கம் வடிந்ததா, அதை மட்டும் சொல்.

நீ படகில் நிற்கிற போட்டோவை அப்பா பெரிதாக்கி, பணிமனையில் தன் கருவிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். பஸ்ஸை ரிப்பேருக்கு விட வருகிற டிரைவர்கள் யாராக இருந்தாலும் முதலில் மகளைப் பார்க்க வேண்டும், பிறகுதான் ஸ்பேனர் வெளியே வரும். எட்டுப் பேர், அதில் ஒரே பெண், பாய்க்கு முன்னால் கயிற்றைப் பிடித்தபடி. "நம்ம தடாலு தண்ணி மேல நிக்கிறா, பாத்தியா" என்று எனக்கே பத்துத் தடவை காட்டிவிட்டார். நான் மட்டும் என்ன ஒழுங்கு. போன வாரம் கடைக்கு ஒருவர் வந்தார், என்ன வேண்டும் என்று கேட்டவள் அப்படியே உன் கதைக்குப் போய்விட்டேன், பாய்மரப் படகு, இருபது நாள் கரையே தெரியாத பயணம், எல்லாம். அவர் போனதும் பில் போடுகிற பெண் சொன்னாள், "அக்கா, அந்த மனுஷன் கேட்டது பாத்ரூம் செருப்பு. நீங்க அவருக்குக் கடலையே காட்டி அனுப்பிட்டீங்க." வாங்கிக்கொண்டுதானே போனார் என்றேன். ரெண்டு ஜோடி, பயத்துல, என்றாள்.

ஆனால் அந்தப் போட்டோவில் எல்லோரும் பாயைப் பார்க்கிறார்கள், நான் பூட்ஸைப் பார்த்தேன். பத்தொன்பது வருஷமாகச் செருப்புக் கடையில் நிற்கிறவளுக்கு முகம் அப்புறம்தான். நீ ஒரு காலை மடக்கி எழுந்துகொண்டிருக்கிறாய். உன் கால் வளைகிற இடம் ஒன்று, பூட்ஸ் வளைய வேண்டிய இடம் ஒன்று, நடுவில் ஒரு விரல் அகலம். நுனி காலியாக நிற்கிறது. கயிற்றில் மாட்டுவது அந்த நுனிதான். அதனால்தான் நேற்று போனை வைப்பதற்கு முன் என்ன அளவு கேட்டு வாங்கினாய் என்றேன். எப்பவும் ஏழுதானேம்மா, என்றாய். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நான் யாருக்கும் எதுவும் எடுத்துக் காட்டவில்லை. அளவெடுக்கிற ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

உன் அளவு ஏழு இல்லை. ஏழு நான் வாங்கியது. ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் முட்டி போட்டு, இரண்டு காலையும் தனித்தனியாக அளந்து, குதிகாலுக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்த்துக் கொடுத்தவள், என் பிள்ளைக்கு மட்டும் அளக்காமல் ஒரு அளவு கூட்டி வீட்டுக்கு எடுத்து வந்தேன். வளர்கிற கால் என்று சொல்லி நுனியில் பஞ்சு அடைத்தேன். உன் கால் பதினைந்து வயதில் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. படியில் விழுந்தாய், பள்ளி ஓட்டப் பந்தயத்தில் விழுந்தாய், சும்மா நடக்கிறபோதும் விழுந்தாய். அப்பா தடாலு என்று பெயர் வைத்தார். நானும் சிரித்தேன். இன்று காலை, போன முறை நீ விட்டுப்போன வீட்டுச் செருப்பைக் கடைக்குக் கொண்டுபோய் அளவுப் பலகையில் வைத்தேன். உன் கால் பதிந்த தடம் ஆறில் நின்றது. மீதி இடம் தேயவே இல்லை, வாங்கின அன்று இருந்த மாதிரியே பளபளவென்று.

இன்னொரு தடவை வழுக்கினால் உன்னைக் கரையில் விட்டுவிட்டுப் போவேன் என்று கேப்டன் சொன்னதாகச் சொன்னாய். அவர் சொன்னதில் தப்பில்லை, படகின் முன்தளத்தில் ஒருவர் விழுந்தால் எட்டுப் பேருக்கும் ஆபத்து. எனக்குப் பொறுக்காதது அதற்கு அடுத்து நீ சொன்னது. "எனக்கு ஒழுங்கா நிக்கவே வரலம்மா." அதை நீ நம்பியிருக்கிறாய். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார். நாற்பது பேரைப் பரீட்சித்து எட்டுப் பேரை எடுத்தார்கள். முப்பத்திரண்டு பேரை நீ பின்னால் தள்ளியது ஒரு அளவு பெரிய காலணியோடு. நான் கடையில் சும்மா பீற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தாயா.

ஆகவே பூட்ஸ் கொடுத்தவர்களிடம் போய்க் கேள். அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டேன், மாற்ற வேண்டும் என்று நேராகச் சொல். செருப்புக் கடைக்காரி மகளுக்குக் கால் அளவு தெரியாதா என்று சிரிப்பார்கள், அதை என் பெயரில் எழுதிவிடு. சாயங்காலமாகப் போட்டுப் பார், அப்போதுதான் கால் தன் முழு அளவில் இருக்கும். கடலில் போடப்போகிற தடித்த காலுறை, ஒரே ஜோடி. உள்ளே இருக்கிற அட்டையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில், விரலுக்கு முன்னால் அரை விரல் இடம் போதும். சரிவில் இறங்கினால் நுனியில் இடிக்கக் கூடாது, குந்தி எழுந்தால் குதிகால் உள்ளே ஏறி இறங்கக் கூடாது. அடியில் ஆழமான பள்ளம் உள்ளது சேற்றுக்கு, ஈரப் பலகைக்கு மெல்லிய கீறல் நெருக்கமாக ஓடுகிற ரப்பர்தான். பூட்ஸின் மேல்வாய் மழைக்குப் போடுகிற கால்சட்டைக்குள் அடங்க வேண்டும், ஆனால் தண்ணீரில் விழுந்தால் உதறின மாத்திரத்தில் கழன்றுவிட வேண்டும். போடப் போடச் சரியாயிடும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. அந்தப் பொய்யை நானும் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

உப்பு படிந்தால் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காய வை. முழங்காலை உடனே மடக்காதே. வேளைக்குச் சாப்பிடு. மாற்றித் தந்ததும் போட்டோ அனுப்பு, முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கால் தெரிய வேண்டும். காற்றும் கடலும் உனக்கு அனுசரணையாக இருக்கட்டும். எங்கள் இருவரின் ஆசியும் உன்னோடு.

உன்
அம்மா

கையெழுத்துப் போட்ட பிறகு இது. உன் கேப்டனுக்கும் ஒரு கடிதம் எழுதியிருந்தேன், அவள் விழுவதற்குக் காரணம் நான்தான், அவளை விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று. உறை ஒட்டி முகவரிகூட எழுதியாகிவிட்டது. இப்போது அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன், உனக்காக நீயே நிற்பாய். இதை மட்டும் எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குக் கிளம்புகிறேன்.