கறுப்புப் பெயின்டுக்கு அடியில் இருந்த நம்பர்

செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். பஸ் ஷெட்டில் ஃபேன் ஓடவில்லை.

எந்த ஸ்பேர் சாமான் எந்த பஸ்ஸில் மாட்டியிருக்கிறது என்று நம்பரோடு கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் என் வேலை. இன்று வால்வு கம்பெனியிலிருந்து மெயில். நாங்கள் வாங்கிய பிரேக் வால்வு ஒன்றில் விரிசல் விடுமாம். நம்பர் போட்டு, உடனே கழற்றச் சொல்லியிருந்தார்கள். கம்ப்யூட்டர் காட்டிய வண்டி ஷெட்டிலேயே நின்றது. அப்பாடா.

ஃபோர்மேன் பாய் அடியில் படுத்துப் பார்த்தார். "இது வேற வால்வும்மா. போன பௌர்ணமி கிரிவலத்துக்கு வண்டி பத்தலைனு, இதுல இருந்தத கழட்டி வேற வண்டிக்கு மாட்டிட்டோம். எதுலனுதான் ஞாபகம் வரல."

என்னிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் ஓட்டுவது ஜமுனாமரத்தூர் வண்டி. முழுக்க மலை, வளைவு.

புதன்

சோறு இறங்கவில்லை. வண்டி வண்டியாகத் தேடல். எஃப்.சி. சோதனைக்குப் போகுமுன் அடிப்பக்கம் மொத்தமும் கறுப்புப் பெயின்ட் அடித்துவிடுவார்கள், நம்பரையும் சேர்த்து. தின்னர், பழைய துணி, பாய், நான். விரலெல்லாம் எரிச்சல்.

மலை வண்டி வந்ததும் முதலில் அதைத் துடைக்கச் சொன்னேன். அந்த நம்பர் இல்லை. வீட்டுக்காரர் சிரித்தார். "உனக்கு எப்பவும் பயம் ஜாஸ்திடி."

ஜாஸ்திதான். எனக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

சாயங்காலம் வேட்டவலம் வண்டியில் கிடைத்தது. பாய் கழற்றி மேஜைமேல் வைத்தார். அந்த நம்பரை எங்கேயும் மாட்டக் கூடாது என்று கம்ப்யூட்டரில் போட்டேன்.

வியாழன்

நல்ல தூக்கம். தயிர் புளித்துவிட்டது. காஸ் புக் பண்ண வேண்டும்.

வெள்ளி, பௌர்ணமி

அடி அண்ணாமலைப் பக்கம் இப்போதே நடக்க இடமில்லையாம். வேங்கிக்காலில் ஆபீஸ் வேலை முடித்து வர மதியம் தாண்டிவிட்டது. மேனேஜர் சொன்னார்:

"மலை வண்டியில பிரேக் வால்வுல ஏர் லீக்கும்மா. பாய் தொழுகைக்குப் போயிட்டாரு, ஸ்பேரும் இல்ல. மேஜை மேல ஒண்ணு பளபளனு இருந்துச்சு, பசங்கள விட்டு மாட்டி அனுப்பிட்டேன். இந்தா நம்பரு, ஏத்திடு."

அடித்தேன். ஸ்கிரீன் சிவப்பு.

பாய் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "யா அல்லா, ஒரு துணியாவது கட்டி வெச்சிருப்பேனே!" நானும் கட்டவில்லை. கம்ப்யூட்டரில் போட்டால் போதும் என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்காரருக்குப் போன் போகவில்லை. மலையில் டவர் இல்லை. வண்டி போளூரைத் தாண்டிவிட்டதாம். பாய் பைக் எடுத்துவரப் போயிருக்கிறார். நானும் போகிறேன். அதுவரை சும்மா இருக்க முடியாமல் எழுதுகிறேன், எழுத்து கோணுகிறது. ஏறும்போது ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது. இறங்கும்போதுதான் பிரேக். அவர் இறங்க ஆரம்பிப்பதற்குள்