இரண்டு விரல் இறக்கிய சீட்

ஜூன் 3, செவ்வாய்

அம்மா சைக்கிள் வாங்கிவிட்டாள். பழையதுதான். பச்சை நிறம், கியர் வைத்தது. இருபத்திரண்டு வருடம் கழித்து ஏறி, நேராகப் போய் கேட்டில் மோதினாள். அப்பா தன் லோடு வேனைத் துடைத்துக்கொண்டே, "கேட்டுக்கு அடி பலமா?" என்று கேட்டார்.

அம்மா ஆஸ்பத்திரியில் துணிக்கிடங்கில் வேலை பார்க்கிறாள். படுக்கை விரிப்புகளை எண்ணி வார்டுகளுக்கு அனுப்ப வேண்டும். ஆகஸ்டில் ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லோரும் அணைக்கட்டு வரை எண்பது கிலோமீட்டர் சைக்கிளில் போகிறார்களாம். நாற்பத்தாறு வயதில் இது எதற்கு என்று கேட்டேன். "இத்தனை வருஷமா யாருக்காகவாவதுதான் எங்கயாவது போயிட்டு வர்றேன். ஒரு தடவை எனக்குன்னு போறேன்" என்றாள்.

சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வந்திருந்தாள். அங்கே நர்ஸ் பயிற்சியில் இருக்கிறாள். கால் இரண்டும் அப்படி நீளம். கொக்கு என்று பெயர் வைத்துவிட்டேன், மனதுக்குள். அம்மா தடுமாறும்போதெல்லாம் கொக்குதான் பின்னால் கேரியரைப் பிடித்தாள்.

நானும் அங்கேதானே நின்றேன்? எனக்கு இரண்டு கை இல்லையா?

ஜூன் 9, திங்கள்

காலை ஐந்தரை மணி எங்களுடையது. அம்மாவுடையதும் என்னுடையதும். அவள் காய் நறுக்குவாள், நான் பாத்திரம் கழுவுவேன், முந்தின நாள் நடந்ததெல்லாம் சொல்வேன். வேறு யாரிடமும் எனக்குப் பேச்சு வராது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொல்வார்கள் என்றுதானே ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். இப்போது வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடையில் "எத்தனை காப்பி?" என்ற ஒரு கேள்வியோடு நாள் ஓடிவிடும்.

இப்போது ஐந்தரைக்கு அம்மா கொக்கோடு ரோட்டில் இருக்கிறாள். காயை நான்தான் நறுக்குகிறேன். சத்தமில்லாமல்.

ஜூன் 21, சனி

"அவ மேட்டுல ஏத்துறதைப் பாக்கணும் குட்டி, சும்மா காத்து மாதிரி போறா!"

அவ, அவ, அவ. சாப்பிடும்போதும் அவ. "நீயும் வாயேன்" என்றாள் அம்மா. மாட்டேன் என்றேன். மறுபடி கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

ஜூலை 5, சனி

இன்று கேட்டுக்கு வெளியே இருந்து, "அம்மா, கிளம்பலாமா?" என்று குரல். நான் பாத்திரத்தோடு எட்டிப் பார்க்கிறேன் — கொக்கு. போன வாரம் வரைக்கும் அக்கா என்று கூப்பிட்டவள். அம்மா, "இதோ வந்துட்டேன்மா" என்கிறாள். ஒரு சொல் மாறினது அவள் காதில் விழவே இல்லை போல.

மத்தியானம் அம்மாவே சிரித்துக்கொண்டு சொன்னாள். டீக்கடையில் யாரோ, "உங்க பொண்ணா?" என்று கேட்டார்களாம். "பொண்ணு மாதிரிதான்னு சொன்னேன்" என்றாள்.

மாதிரி.

அப்போ நான் யாரு? அசல்தானே? அசலைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு நகலைத்தான் எல்லோரும் கையில் எடுத்துக்கொண்டு அலைகிறார்கள். கடையில் தினமும் பார்க்கிறேனே.

ஜூலை 8, செவ்வாய்

கொக்கு முதல் நாளே சொல்லியிருந்தாள்: "சீட் தாழ்ந்தா முட்டி போயிடும்." சீட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பிடி. கையாலேயே தளர்த்தலாம்.

அரை விரல் இறக்கினேன். கொஞ்சம் வலித்தால் போதும். கொஞ்சம்தான்.

ஜூலை 11, வெள்ளி

நாளுக்கு அரை விரலாக, இன்றோடு இரண்டு விரல். இரண்டு பேரில் ஒருத்திக்கும் தெரியவில்லை.

ஜூலை 16, புதன்

அம்மா நொண்டுகிறாள். தைலம் தேய்த்துவிட்டேன். "உன் கை பட்டாலே பாதி வலி போயிடுது குட்டி" என்றாள். நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

அம்மா சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டாள். "வயசு தன் வேலையைக் காட்டிடுச்சு. எனக்கெல்லாம் எதுக்கு இந்த ஆசை?"

ஐந்தரை மணி திரும்ப வந்துவிட்டது. அம்மா முக்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருக்கிறாள். நான் கடைக் கதை சொன்னேன். "ம்" என்றாள். இன்னொன்று சொன்னேன். "ம்." கத்திரிக்காய்க் காம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதுதானே எனக்கு வேண்டியிருந்தது?

ஜூலை 25, வெள்ளி

கொக்கு கடைக்கு வந்தாள். அம்மா எழுதிய ஒரு கடிதத்துக்கு நகல் வேண்டுமாம், ஆபீசில் கொடுக்க.

எங்கள் கடையில் யார் காகிதத்தையும் படிக்கக் கூடாது. வாங்கியதும் கவிழ்த்துவிட வேண்டும், அதுதான் பழக்கம். இன்று கவிழ்க்கவில்லை. 'என் வயதும் உடல்நிலையும் இடம் தராததால் சைக்கிள் பயணத்திலிருந்து என் பெயரை நீக்கிக்கொள்ளும்படி' — அம்மாவின் குண்டு எழுத்து.

கொக்கு கல்லாவில் சாய்ந்துகொண்டு, "அந்தக் கல்யாண போட்டோ மாமா இந்த வாரம் வந்தாரா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் கல்யாணப் படத்தையே வாராவாரம் நகல் எடுக்க வருகிறவர் அவர். அவரைப் பற்றி அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

"முழிக்காத. ரெண்டு மாசமா ரோடு பூரா உன் கதைதான் கேக்குறேன். நான் வாயைத் திறந்தா போதும், 'எங்க குட்டி என்ன சொன்னா தெரியுமா'ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. சில நாள் செம கடுப்பா இருக்கும்."

முதலில் அம்மா மேல் கோபம்தான் வந்தது. அதெல்லாம் நான் உனக்குன்னு சொன்னதும்மா, ஊருக்கா சொன்னேன்? அப்புறம் வந்தது என்னவென்று தெரியவில்லை.

மெஷின் மாட்டிக்கொண்டது, நாளைக்கு வாங்க என்று பொய் சொல்லி அனுப்பினேன். அம்மாவைத் தவிர வேறு ஒருத்தரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதே இதுதான் முதல் தடவை.

ஜூலை 26, சனி

காலையில் சொல்லிவிட்டேன்.

"சீட்டை நான்தான் இறக்கினேன்."

"எந்த சீட்டை?"

"சைக்கிள் சீட். நாளுக்கு அரை விரலா."

அம்மாவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "முட்டியை உடைச்சதும் நீ, தைலம் தேய்ச்சதும் நீயாடி? அழுத்தித் தேய்க்கவாம்மான்னு வேற கேட்டியேடி!"

"என்ன அங்க சத்தம்?" என்றார் அப்பா வாசலில் இருந்து.

"உங்க பொண்ணு மெக்கானிக் ஆயிட்டா!"

ஏன் செய்தாய் என்று கேட்டாள். வேறு எதுவும் வாயில் வரவில்லை. "அவ உன்னை அம்மாங்கறா."

"காய்காரர்கூடத்தான் என்னை அம்மாங்கறாரு. அவருக்கு எதை இறக்கப் போற? தராசையா?"

சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அடித்திருந்தால் தேவலை.

ஜூலை 27, ஞாயிறு

அம்மா பேசவில்லை.

ஜூலை 28, திங்கள்

பேசவில்லை. தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

ஜூலை 29, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் முட்டியைக் காட்டினாளாம். பெரிதாக ஒன்றுமில்லை, சில நாள் விட்டு மெதுவாக ஓட்டலாம் என்றார்களாம். சாயங்காலம் சைக்கிளை வெளியே எடுத்து, "ஏத்து" என்றாள். மூன்று நாளில் முதல் பேச்சு. ஏற்றினேன். உட்கார்ந்து பார்த்தாள். "இன்னும் கொஞ்சம்." ஏற்றினேன்.

"அவங்ககிட்ட சொல்லிட்டியாம்மா?" என்றேன், கொக்கை நினைத்து.

"சொன்னேன். 'என்னை அவ்ளோ பெரிய ஆளாவா நினைச்சா?'ன்னு கேட்டா."

ஆகஸ்ட் 4, திங்கள்

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். அவர்கள் தெருமுனை திரும்பும்போது இன்னும் சுருக்கென்றுதான் இருக்கிறது. சைக்கிளில் கை வைப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அணைக்கட்டுப் பயணத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக அப்பாவின் வேனைத்தான் பேசியிருந்தார்கள். நானும் கேன்களோடு போனேன். ஐம்பத்தெட்டாவது கிலோமீட்டரில் கொக்குக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. பாலத்துச் சுவரில் உட்கார்ந்து துடித்தாள். அம்மா சைக்கிளைப் போட்டுவிட்டு அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வேன் போய்ச் சேர்ந்தபோது பார்த்தது அதைத்தான். சுருக்.

பன்னிரண்டு மணிக்குள் அணைக்கட்டைத் தொட வேண்டும். மணி பத்தேகால். முன்னால் போகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் அப்பாவால் திரும்பி வந்து கொக்கை ஏற்ற முடியும். அம்மா எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை.

நான் வேனில் இருந்து இறங்கினேன். "நீ போம்மா. நான் இவங்ககூட இருக்கேன்."

அம்மா என்னைப் பார்த்தாள், கொக்கைப் பார்த்தாள்.

"போங்கம்மா" என்றாள் கொக்கு.

"போம்மா" என்றேன் நான்.

போனாள். அப்பாவும் கிளம்பினார். கொக்கின் காலை எங்கே அழுத்த வேண்டும் என்று கேட்டு அழுத்தினேன். ரோடு நேராகப் போய்த் தூரத்தில் ஒரு மரத்துப் பக்கம் வளைகிறது. அம்மா சின்னதாகிக்கொண்டே போனாள்.

"வளைவுல திரும்பிப் பாப்பாங்க, பாரேன்" என்றாள் கொக்கு.

"கண்டிப்பா பாப்பாங்க."

இரண்டு பேரும் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தோம், ஆட்டுவதற்கு. அம்மா வளைவை எட்டினாள். பெடலில் எழுந்து நின்று மிதித்தாள். போய்விட்டாள்.

"பாக்கல" என்றாள் கொக்கு.

"இல்ல."

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். வெயில் ஏறிவிட்டது. நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, நிழலில் அவளுக்கும் இடம் விட்டேன்.