வாய் திறக்காமல் சிரித்த கதை

வேலப்பன்சாவடி

அன்புள்ள வடிவுக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலமா? அத்தைக்கு முட்டுவலி தேவலையா? போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய், கடிதத்தையாவது பிரித்துப் படி.

வீடியோ காலில் நான் உதட்டை இறுக்கிக்கொண்டு சிரித்தது, நீ நினைப்பதுபோல் உன் மேல் கோபத்தினால் இல்லை. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. புண்ணைச் சீண்டுவானேன் என்று அந்தப் பக்கம் தேய்ப்பதையே விட்டுவிட்டேன். ஈறு வீங்கிச் சிவந்துவிட்டது. அதை உனக்குக் காட்டப் பயம்.

வீட்டுக்கார எத்திராஜ் அண்ணன்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சாரே, வாயில எலி கிலி செத்துகீதா?" என்று கேட்டு, பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரிக்கு இழுத்துப்போனார். பயப்படாதே, பல் எதையும் பிடுங்கவில்லை. பவித்ரா என்ற மாணவி, பல்லில் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தாள். ஈறு நோய்க்கு இவ்வளவு நல்ல உதாரணம் கிடைக்காதாம். வகுப்பே வந்து எட்டிப் பார்த்தது. நம் கல்யாணத்தில்கூட என்னை இத்தனை பேர் பார்க்கவில்லை. "ரத்தம் வர்ற இடத்தைத்தான் சார் விடாம மெதுவா தேய்க்கணும்" என்று அவளிடம் திட்டும் வாங்கினேன்.

இப்போது காலையும் இரவும் தேய்க்கிறேன், ரத்தம் நின்றுவிட்டது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாளே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருப்பாய். வீடியோவில் வாடை தெரிவதில்லை.

மெத்தென்ற பிரஷ் ஒன்று வாங்கி அனுப்பு. இங்கே கிடைக்காமல் இல்லை. நீ வாங்கியதாக இருக்கட்டும்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனை எடு. நீ எவ்வளவு திட்டினாலும் எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பேன்.

உன்
கோமதிநாயகம்