அண்ணாச்சி சொன்ன ‘விடு’

பிப்ரவரி 3, திங்கள்

புது போட் வந்துவிட்டது. டோல்கேட் டிராஃபிக்கில் டிரெய்லர் மாட்டிக்கொண்டு, எண்ணூர் படகுத்துறைக்கு வந்து சேர மதியம் ஆகிவிட்டது. வெள்ளை உடம்பு, பின்னால் இரண்டு கறுப்பு எஞ்சின், ஒவ்வொன்றும் இருநூறு எச்பி. மூன்று வருஷமாக நான் ஓட்டுகிற பழைய போட்டுக்கு மொத்தமே நாற்பது. அது ஆற்றுக்குள் ஆட்களை இக்கரைக்கும் அக்கரைக்கும் கொண்டுவிடும், அவ்வளவுதான். இது முகத்துவாரம் தாண்டி, வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல் வரைக்கும் போகணும்.

முதலாளி ஆசீர்வாதம் அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. “சனிக்கிழமை நீ ஓட்டிக் காட்டு எழில். சரியா வரலைன்னா கொச்சிக்காரன் ஒருத்தன் தயாரா இருக்கான். பொறவு எம்மேல வருத்தப்படாத” என்றார். பழைய போட்டை விற்றாகிவிட்டது. அப்ப நான் இன்னா பண்றது? ஆபீசுல குந்திகினு லைஃப் ஜாக்கெட் தொவைக்கணுமா?

பிப்ரவரி 5, புதன்

எஞ்சின் மாட்டிய மெக்கானிக் உபைதுல்லா பாய் எல்லாவற்றையும் காட்டினார். ஒரு சிவப்புக் கயிறு இருக்கிறது. ஒரு முனை சுவிட்சில், இன்னொரு முனை ஓட்டுகிறவர் இடுப்பில். ஆள் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் தானே நின்றுவிடும். “மொத நாளு பாதி வேகத்துக்கு மேல போவாதம்மா, எஞ்சின் பழகணும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

எஞ்சின் பழகணும், சரி. நான் பழக வாணாமா?

பிப்ரவரி 6, வியாழன்

சோறு எறங்கல.

பிப்ரவரி 7, வெள்ளி

வூட்டுக்காரர் பீம்ராவ் கொடுங்கையூரில் குப்பை லாரி ஓட்டுகிறார். “நான் அம்மாம் பெரிய லாரிய ரிவர்ஸ்ல மேட்டுல ஏத்துறேன். நீ முன்னால போறதுக்கே பேஜாராவுற” என்று கிண்டல் பண்ணினார். “உன் குப்ப மேடு ஒரே எடத்துல கீது மாமா, அலை அப்டியா கீது?” என்றேன். எழுந்து போய் எனக்குத் தோசை சுட்டுக் கொண்டுவந்தார். ரெண்டு துன்னேன்.

பிப்ரவரி 8, சனி

முடிஞ்சுது. உயிரோட கீறேன்.

காலையில் ஆபீஸ் பையன்கள் எலுமிச்சம்பழம் வாங்கி வந்துவிட்டார்கள். சக்கரத்துக்குக் கீழே வைக்கலாம் என்று பார்த்தால் போட்டுக்குச் சக்கரம் ஏது? கடைசியில் ஜூஸ் போட்டுக் குடித்தோம். அண்ணாச்சி கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். நான், பக்கத்தில் அவர், பின்னால் பாய். மூன்று பேர் கிளம்பினோம்.

வேக லீவரை லேசாகத் தள்ளியதுமே போட்டின் மூக்கு எழும்பி, அப்புறம் தண்ணீர் மேலேயே வழுக்கிக்கொண்டு போனது. பழையது தண்ணீரை உழுதுகொண்டு போகும். இதில் போகிறதே தெரியவில்லை. பயத்துக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டியிருக்கு. அலை அங்கேதான் எழும்பி உடையும். முதல் அலையைத் தாண்டிவிட்டேன். அடுத்தது பெரிசு. கை லீவர் மேலேயே நின்னுபோச்சு. பாதி வேகத்துல இத ஏற முடியுமா? திரும்பிடலாமா? அண்ணாச்சி என் தோளைப் பிடித்துக் காதுக்கிட்டே கத்தினார் - “விடு, விடு!” அதுக்கு மேலயும் ஏதோ சொன்னார். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

எங்க ஏரியாவுல வுடுன்னா இன்னா? வண்டிய வுடு. அமுக்கு. மொதலாளியே சொல்லிட்டாரு, அப்பறம் இன்னா பாதி வேகம்? வுட்டேன். லீவர் முழுசா முன்னால. போட் ஏறிச்சு, எனக்கு வானம் மட்டும்தான் தெரிஞ்சுது. உச்சிக்கு வந்ததும் கையைத் தளர்த்தினேன், இல்லைன்னா அந்தப் பக்கம் பறந்து போய் விழுந்திருப்போம். பொத்துனு இறங்கினோம். அலை எங்களுக்குப் பின்னால் உடைந்தது. முன்னால் சமமான கடல், தூரத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகக் கிரேன்கள்.

அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஏம்மா, விடு, பொறவு பாத்துக்கிடலாம், திரும்பிருவோம்னுல்லா சொன்னேன்.”

“வுடுன்னு சொன்னீங்களே அண்ணாச்சி.”

“விடுன்னா விட்டுருன்னு அர்த்தம்.”

“எங்க பக்கம் வுடுன்னா ஓட்டுன்னு அர்த்தம்.”

பாய் பின்னாலிருந்து, “அங்க திரும்பிருந்தா அலை சைடுல அடிச்சு இந்நேரம் மூணு பேரும் நீந்திக்கினு இருப்போம் அண்ணாச்சி. ஆனா என் எஞ்சின...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

திரும்பும்போது ஒரு அலையின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே வந்தேன். கரையில் இறங்கியதும் அண்ணாச்சி நேராகக் காரில் ஏறிப் போய்விட்டார். வேலை போச்சு.

பிப்ரவரி 9, ஞாயிறு

நெசமா காதுல அப்டித்தான் வுழுந்துச்சா? இல்ல, அப்டிக் கேக்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சா? தெரியல. போன் எதுவும் வரல. பீம்ராவ் இன்னிக்கும் தோசை சுட்டார். தொடவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

நான் ஆபீசுக்குப் போகும்போது அண்ணாச்சி போனில் இருந்தார். “வேண்டாம்பா, நீ அங்கயே இரு. எங்க புள்ளையே ஓட்டுவா.” எதிரில் நான் நிற்பதைப் பார்த்ததும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார். “இனிமே போட்டுல எவனும் விடுன்னு சொல்லப்படாது. போ, நிறுத்து. ரெண்டே வார்த்தைதான்” என்றார். சரி அண்ணாச்சி என்றேன்.

பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்பாடா. வெளியே வந்து ரெண்டு டீ குடித்தேன். மத்தியானம் பசிச்சுது, நல்லாவே பசிச்சுது.

பிப்ரவரி 17, திங்கள்

இன்றுதான் முதல் டிரிப். கப்பலுக்குப் போகிற ஆட்கள் எட்டுப் பேர். எல்லாரும் ஜாக்கெட் மாட்டினார்களா என்று பார்த்துவிட்டு, சிவப்புக் கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டேன்.

அண்ணாச்சி படகுத்துறை ஓரம் வரைக்கும் வந்து நின்றார். ‘போ’ என்று சொல்வார் என்று காத்திருந்தேன். கையைத் தூக்கினார்.

“வுடு, எழிலு.”

‘வு’ அவர் வாயில் இன்னும் சரியா நுழையல. வுட்டேன்.