கூட்டம் எழுந்தபோது நீ வாசித்த தனி

எம். புதுப்பட்டி
மார்கழி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ரோஷினிக்கு, அம்மா அய்யம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கை பாண்டிமீனா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே அப்பாவும் நாங்கள் இருவரும் நல்ல சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், உடனே நானும் அழுகிறேன், அப்பா போனைப் பிடுங்கி வைத்துவிடுகிறார், சொல்ல வந்தது சொல்லாமலே போகிறது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும், இவள் ஒன்பதாவதோடு நின்றாலும் இவள் எழுத்து கோணாது. அப்பாவுக்கு இப்போது காலண்டர் சீசன், திருத்தங்கல் அச்சாபீசுகளுக்கும் லாரி செட்டுக்கும் லோடு ஆட்டோ ஓய்வில்லாமல் ஓடுகிறது. மீனாவும் அங்கேதான் காலண்டர் அட்டையில் தேதிக்கட்டு ஒட்டுகிற வேலைக்குப் போகிறாள். நாளெல்லாம் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம், இந்தப் பிள்ளைக்கு வாய் இருக்கா என்று உடன் வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்களாம். இதை எழுத மாட்டேன் என்றாள், எழுது என்று சொல்லிவிட்டேன். எங்கள் பட்டாசுக் கம்பெனியில் தீபாவளிக்கு அப்புறம் பூஜை போட்டு மறுபடி வேலை ஆரம்பித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உன் மெட்ராஸ் கச்சேரியைச் செல்லில் போட்டு, அரிசிப் பானையில் சாய்த்து வைத்து எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். அந்தப் பாடுகிற அம்மா பாட, வயலின்காரர் வாசிக்க, நீ மிருதங்கத்தோடு குனிந்து நிமிர்ந்து சிரித்துக்கொண்டு நன்றாகத்தான் போனது. திடீரென்று அந்த அம்மா பாட்டை நிறுத்தினார், வயலின்காரர் வில்லைக் கீழே வைத்தார், நீ மட்டும் வாசிக்கிறாய். கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்தார்கள், பின்னாலேயே வரிசை வரிசையாக எழுந்து வாசலுக்குப் போகிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கை வேலையைப் போட்டுவிட்டு வெளியே போனால் அதற்கு நமக்குத் தெரிந்து ஒரே அர்த்தம்தானே, தீப்பிடித்துவிட்டது என்று. ஏளா ரோஷினி எந்திரி, வெளிய வா, வெளிய வா என்று செல்லைப் பார்த்துக் கத்திவிட்டேன். அடுத்த வீட்டுப் பத்திரகாளி மாவுக் கையோடு ஓடி வந்தாள், தெருவே கூடிவிட்டது. சங்கதி தெரிந்ததும் பத்திரகாளி, "ஏ அய்யம்மா, பிள்ளை செல்லுக்குள்ள இருக்கா, எங்கன வழியா வெளிய வரச் சொல்லுத" என்று கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் தெருவில் ஓயவில்லை.

கோயில் கச்சேரி ஒன்று விடாமல் கேட்கிற நம் நவநீதகிருஷ்ணன்தான் விவரம் சொன்னான். "அத்தை, அது தனி ஆவர்த்தனம். பாட்டும் வயலினும் ஒதுங்கி மிருதங்கத்துக்கு இடம் விடுவாக. இன்னதுதான் வாசிக்கணும்னு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாக, தாளம் தப்பாம அவ மனசுல வர்றதை வாசிக்கலாம்" என்றான். அப்போ ஆளுக எதுக்குப் போறாக என்று கேட்டேன். "காபி குடிக்க. மெட்ராசுல அது வழக்கம்" என்றான். ஏலே, எம் பிள்ளை வேர்த்து விறுவிறுத்து ஒத்தையில வாசிக்கையில என்னலே காபி என்று அவனைப் பிடித்துக்கொண்டேன். அவன் என்ன செய்வான் பாவம், அப்பாதான் சும்மா இருளா, கேன்டீன்காரன் இவனா என்று அவனைக் காப்பாற்றினார்.

சாயங்காலம் நீ கூப்பிட்டு, பாதி சபா எந்திரிச்சுப் போயிருச்சும்மா, நான் வாசிக்கிறது யாருக்கும் வேண்டாம், வர்ற சனிக்கிழமை கச்சேரியில எனக்குத் தனி வேண்டாம்னு சொல்லப்போறேன் என்றாய். ஒரு தடவை வேண்டாம் என்றால் அப்புறம் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்றும் நீயே சொன்னாய். மீனாவை விட்டு அந்த இடத்தை மறுபடி மறுபடி போடச் சொல்லிப் பார்த்தேன். எனக்குத் தாளம் தெரியாது, உன் முகம் தெரியும். முதல் ஆள் எழுந்ததும் தலையைத் தூக்கி வாசலைப் பார்க்கிறாய், உடனே கை ஓட ஆரம்பிக்கிறது, அவசர அவசரமாக முடித்துவிட்டு மிருதங்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். தாயி, அது திறமை இல்லாதது இல்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து உங்கள் இரண்டு பேருக்கும் நான் சொன்னது அதுதானே. கூட்டம் எழுந்தால் என்ன ஏது என்று கேட்காதே, செருப்பைத் தேடாதே, தூக்குச்சட்டியைத் தேடாதே, ஓடு. போன வாரம்கூட டிரான்ஸ்பார்மர் வெடித்த சத்தத்துக்கு நாங்கள் எல்லோரும் ஓடிக் கண்மாய்க் கரையில் போய்த்தான் நின்றோம். அந்தப் புத்தி நம் ரத்தத்தில் இருக்கிறது, அதனால்தான் உயிரோடும் இருக்கிறோம். உன் கைக்கு மட்டும் அது மெட்ராஸ் என்று எப்படித் தெரியும்.

அதனால் இப்போது அம்மா வேறு மாதிரி சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் சொன்னது வெடிமருந்து அறைக்கு. மேடையில் உட்கார்ந்தால் அது கிடையாது. அங்கே எழுகிறவர்களுக்குத் தாகம், அவ்வளவுதான். அவர்கள் போய்விட்டு வரட்டும், நீ பதறாமல் உனக்குத் தோன்றுகிற மட்டும் வாசி. மனசு ஒப்பவில்லை, வேண்டாம் என்றுதான் சொல்லுவாய் என்றாலும் இந்த வீட்டில் உன்னை ஒருத்தரும் ஒரு சொல் கேட்க மாட்டோம். ஆனால் காபிக்குப் போகிறவர்களைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லாதே, என் மனசு ஆறாது.

வெறும் வயிற்றில் மேடை ஏறாதே. விரல் வெடித்திருக்கிறது என்றாயே, ராத்திரி படுக்கும்போது தேங்காய் எண்ணெய் தடவு. எல்லாம் வல்ல ஆத்தா உன் கையிலும் மனசிலும் துணை நிற்கட்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். கடிதம் கிடைத்ததும் கிடைத்தது என்று ஒரு வார்த்தை சொல்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா அய்யம்மாள்

அக்கா, அம்மா அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள், இது நானாக எழுதுவது. அந்தத் தனியை வேலைக்குப் போகிற பஸ்ஸில் நேற்றும் கேட்டேன், இன்றும் கேட்டேன். தகிட தகிட என்று மூன்று மூன்றாக மாறினாய், அப்புறம் இடது கையை மட்டும் தேய்த்து, யாரையோ ஏதோ கேட்பதுபோல நிறுத்தினாய். வீட்டில் எத்தனையோ சாதகம் கேட்டிருக்கிறேன், நீ அப்படி வாசித்து ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த நேரத்தில்தான் உனக்கே தோன்றியிருக்க வேண்டும். அதற்குப் பதில் வருவதற்குள் ஆட்கள் எழுந்தார்கள், நீ நேரே கடைசிக் கோர்வைக்குப் போய் முடித்துவிட்டாய். நான் அந்த இடத்தில் செல்லை நிறுத்திவிட்டு, அடுத்து என்ன வந்திருக்கும் என்று சாப்பாட்டுப் பையின்மேல் தட்டித் தட்டிப் பார்க்கிறேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எதைத் தட்டினாலும் அது இல்லை என்று மட்டும் தெரிகிறது. அது உனக்குத்தான் வரும். எனக்கு மீதியைக் கேட்க வேண்டும் அக்கா.