வெட்டிய சரணத்தில் என் அக்கா

அக்கா,

பெருமழையில் சின்னமனூர் ரோடு அறுந்து, மேகமலைக்கு அரிசி மூட்டை கழுதை முதுகில் ஏறி வந்ததே, அந்த வருஷம். கீழ் லயத்து வீட்டு வரிசையில் ஆனை புகுந்து சுவரைத் தள்ளியதும், உனக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் அதே வருஷந்தான். ரோட்டைச் சரிபண்ணியதும் முதலில் மேலே ஏறி வந்தது சினிமாக்காரர்களின் வேன். அவர்கள் எடுத்துக்கொண்டு போன படத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் போட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலைச் சொல்லத்தான் இந்தக் கடிதாசி. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் மகள் ஆரோக்கியமேரி.

பழைய படங்களுக்கென்றே இப்போது ஒரு சேனல் இருக்கிறது. பொக்கிஷம், பொக்கிஷம் என்று நாளெல்லாம் சேனல்காரன் பீற்றிக்கொள்கிறான். நம் படம் வருகிறதென்று தெரிந்ததும் தேவதானப்பட்டியிலிருந்து மேரியை வரச்சொன்னேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டி.வி.க்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். "மாமா, அம்மா எங்கன வருவாக?" என்று நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டாள். "தேயிலைக்காட்டுப் பாட்டு வரட்டும்த்தா. ரெண்டாம் சரணத்துல வருவாக" என்றேன். தவழ்கிற வயதில் உன்னைப் பறிகொடுத்தவள். உன் முகம் அவளுக்குத் தெரியாது. போட்டோ எடுக்க வேண்டுமென்றால் மலையை விட்டு இறங்க வேண்டும். நீ இறங்கியது கல்யாணத்துக்கும் கடைசியில் ஆஸ்பத்திரிக்கும்தானே.

அந்த நாள் எனக்கு நேற்றுப்போல் இருக்கிறது. கதாநாயகி பாடிக்கொண்டே போக, பின்னால் நீங்கள் ஐந்து பேர் கொழுந்து கிள்ள வேண்டும். யாரும் காமிராவைப் பார்க்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். எல்லாம் சரியாகத்தான் போனது. வேடிக்கை பார்க்க வந்த நம் கங்காணி காமிராவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கங்காணி உற்றுப் பார்த்தால் முத்தல் இலை கலக்கவில்லை என்று கூடையைக் காட்டுவதுதானே நம் காட்டு வழக்கம். நீ அவரைப் பார்த்ததும் முதுகுக் கூடையை இடுப்புக்குத் திருப்பி, தலையைச் சாய்த்து, கொழுந்தைச் சரித்துக் காட்டினாய்.

டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "யாரும்மா நீ? கூடையை ஏம்மா காட்டுற?"

"கங்காணி பாத்தாக. அதான் காட்டுனேன்" என்றாய்.

உன் பின்னால் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுபடி எடுப்பதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. அதனால் அப்படியே படத்தில் வந்துவிட்டாய். படம் சின்னமனூர்க் கொட்டகைக்கு வந்தபோது மேரி உன் வயிற்றில் இருந்தாள். ஜீப் தூக்கிப் போடும் என்று உன்னை விடவில்லை. நாங்கள் போனோம். நீ கூடையைச் சாய்த்த இடத்தில் நம் எஸ்டேட் ஆட்கள் அடித்த விசிலில் கதாநாயகியின் பாட்டே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டு வந்தது. பல்லவி போனது. முதல் சரணம் போனது. மேரி என் கையைப் பிடித்தாள். பொசுக்கென்று மூட்டுவலித் தைல விளம்பரம். அது முடிந்து பார்த்தால் கதாநாயகி ரயிலில் போய்க்கொண்டிருக்கிறாள். வில்லன் சுருட்டுப் பிடிப்பதை முழுசாகக் காட்டினான், அக்கா. உன்னைத்தான் வெட்டிவிட்டான்.

விடுவேனா? மேரியை நம்பர் தேடிப் போடச் சொல்லிப் பேசினேன். எடுத்தது ஒரு பெண்.

"டைமுக்கு ஏத்த மாதிரி எடிட் பண்ணுவாங்க தாத்தா. அந்த இடத்துல கதை ஒண்ணும் இல்லைல்ல?"

"எங்கக்கா மகளுக்கு அங்கனதான் தாயி கதையே இருக்கு" என்றேன்.

"கம்ப்ளெய்ண்ட் எழுதிக்கிட்டேன் தாத்தா."

என்ன எழுதினாளோ. ஐந்து பெண்கள் பனியில் நனைந்து, அட்டைக்கடி பட்டு நின்ற இடம், கதை இல்லாத இடமாம். பழசைக் காப்பாற்றுகிறேன் என்று கடை விரித்தவன் பழசையே கிள்ளி எறிகிறான். எது கொழுந்து, எது முத்தல் என்று இவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நம் கங்காணியிடம் இப்படிக் கிள்ளியிருந்தால் அன்றைக்குக் கூலி கிடைத்திருக்காது.

மேரி அழவில்லை. "நீங்களாச்சும் செஞ்சு காட்டுங்க மாமா" என்றாள். காய்கறிக் கூடையை முதுகில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். ஃபாக்டரியில் இலை வறுத்தவனுக்கு அந்தச் சாய்ப்பு எங்கே வரும்? "கறி எடுக்கப் போற ஆம்பள மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். சிரிக்கும்போது உன் பல்வரிசை. இதை எழுதும்போது பேனாவை நிறுத்திவிட்டாள். எழுதுத்தா என்று அதட்டியிருக்கிறேன்.

இன்றைக்கும் யாராவது என்னை உற்றுப் பார்த்தால் கையில் இருப்பதைச் சாய்த்துக் காட்டத்தான் தோன்றுகிறது, அக்கா. பஸ்ஸில் செக்கர் ஏறினாலும், ரேஷன் கடைக்காரன் பார்த்தாலும் அப்படித்தான். உன்னிடமிருந்து தொற்றியது. ஆனால் உன்னை மாதிரி அதைச் செய்ய எனக்கு வராது. செய்யத் தெரிந்த ஆள் வேறு. நீ போன பிறகும் வருஷக்கணக்காக, காட்டில் களைத்த நேரத்தில் "கங்காணி பாத்தாக" என்று உன் குரலில் சொல்லி, கூடையைச் சாய்த்து, எல்லோரையும் சிரிக்க வைத்தவள். இப்போது கம்பத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். கண் மங்கிவிட்டதாம். இடுப்பு மங்கவில்லையாம். சனிக்கிழமை மேரியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறேன், ஒரு பழைய கூடையோடு. அவளுக்கு நடுவில் எவனும் தைல விளம்பரம் போட முடியாது. அன்றைக்கு உன் பின்னால் வாயைப் பொத்திச் சிரித்தவள்தான். அந்த வரிசையில் இன்னும் உயிரோடு இருப்பது அவள் ஒருத்தி, மூக்கம்மா.